புளி போட்டுத் தேய்த்த பிரெஞ்சு விளக்கு

ஐயா,

அன்று ஞாயிற்றுக்கிழமை நீ சோற்றுத் தட்டைப் பாதியில் வைத்துவிட்டுக் காடியை ஓட்டிக்கொண்டு போனபின் இந்த வீட்டில் இரண்டு காரியங்கள் நடந்தன. இரண்டும் உனக்குத் தெரிய வேண்டும். போனில் சொல்லிவிடுங்கள் என்கிறாள் உன் அம்மா. ஆனால் போனில் நீயும் நானும் பேசினால் நலம் விசாரித்து முடிப்பதற்குள் யாராவது ஒருவர் குரல் ஏறிவிடுகிறது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. மருமகளாக வரப்போகும் மேகலா படிக்கட்டும், அவளுடைய அப்பா அம்மா படிக்கட்டும், லூனாசில் எங்களைக் கூப்பிட்டு மணவறை போட்ட எந்த வீட்டுக்காரர் வேண்டுமானாலும் படிக்கட்டும். அடுத்த மாதம் உனக்குக் கல்யாணம். ஒரு பிள்ளைக்குக் கல்யாணத்துக்கு முன் அப்பன் ஏதாவது சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்கு அறிவுரை சொல்லத் தெரியாது. நடந்ததைச் சொல்லத் தெரியும்.

நம் சண்டை அந்த இரண்டு பளிங்கு விளக்குகளைப் பற்றியது. விற்றுவிடலாம் என்று நீ சொன்னாய். விற்க நமக்கு உரிமை இல்லை என்று நான் சொன்னேன். அந்தப் பேச்சோடு பேச்சாக, உன் கல்யாண மேடையை நாங்கள் போட வேண்டாம், சுங்கைப் பட்டாணியில் ஒரு கம்பெனிக்குக் கொடுத்துவிட்டேன் என்றும் சொல்லிவிட்டாய். ஊரெல்லாம் மணவறை போட்டவர்களுக்குச் சொந்த மகன் கல்யாணத்தில் வேலை இல்லையா என்று நான் கத்தினேன். உன் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாததை நான் என் பக்கம் கணக்கு வைத்துக்கொண்டேன், நீ உன் பக்கம் வைத்துக்கொண்டாய். இரண்டு பேரும் தப்பு. அதைத்தான் சொல்ல வருகிறேன். ஆனால் முதலில் விளக்கு எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். உனக்குத் தெரிந்தது அரைகுறை. எனக்கே போன வாரம்தான் முழுசாகத் தெரிந்தது.

நீ உன் அம்மா வயிற்றில் இருந்தாய். எனக்கு வயர்மேன் லைசென்ஸ் கிடைத்த புதிது. கூலிம் டவுனில் பழைய ரப்பர் தவுக்கே, சீன முதலாளி ஒருவருடைய மாடி வீட்டை விற்றுவிட்டார்கள், இடிப்பதற்கு முன் கரண்ட்டைத் துண்டித்து விசிறி, விளக்கெல்லாம் கழற்றித் தர ஆள் வேண்டும் என்று நான் வயர் வாங்கும் ஹார்ட்வேர் கடையில் சொன்னார்கள். போனேன். அவ்வளவு பெரிய வீட்டில் இருந்தது ஒரே ஒரு அம்மாள், தவுக்கேயின் மகள் மிஸ் லிம். பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளாதவர். அக்காள் பிள்ளைகளோடு இருக்க ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். சின்ன வயதில் அப்பாவின் எஸ்டேட் கடையில் நம் ஆட்களின் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்ததால் தமிழ் தண்ணீர் மாதிரி வரும். என்ன, பெரியவர் சின்னவர் என்றில்லாமல் எல்லோரையும் 'நீ' என்பார்.

மாடியில் கடைசி அறையில், வெள்ளைப் படுக்கை விரிப்பு போட்டு மூடி வைத்திருந்தவை இவை இரண்டும். விரிப்பை இழுத்ததும் நான் இரண்டடி பின்னால் போனேன். அப்படி ஒரு சாமானை நான் பார்த்ததில்லை. சதுரமான வெண்பளிங்குப் பீடம். அதன்மேல் நெடுக வரி வரியாகச் செதுக்கிய பளிங்குத் தூண். தூணைச் சுற்றி வெண்கலத்தில் வார்த்த பூமாலை, நான்கு மூலைக்கும் நான்கு ஆட்டுத் தலை, உச்சியில் மரக்கிளை மாதிரி வளைந்து விரியும் கைகள், ஒவ்வொரு கையின் நுனியிலும் மெழுகுவர்த்தி செருக மலர்ந்த பூப்போல ஒரு கிண்ணம். வெண்கலம் முழுக்கப் பொன் முலாம். இலையின் விளிம்பில் பளீரென்று இருக்கும், பக்கத்திலேயே தங்கத்தூள் தூவினாற்போல அடங்கி இருக்கும். தரையில் வைத்தால் என் இடுப்புக்கு வரும். பின்னாளில் யாரோ கிண்ணங்களில் பல்பு மாட்டி, துணி சுற்றிய பழங்காலத்து வயரைக் கைகளின் பின்பக்கமாகக் கட்டி விட்டிருந்தார்கள். அந்தத் துணி இற்றுப்போய்ச் செப்புக் கம்பி பல்லை இளித்துக்கொண்டு தெரிந்தது.

"இத என்ன செய்யணும் மிஸ்?"

"வயரக் கழட்டிப் போடு. ஒரு தடவ தொட்டேன், தூக்கி அடிச்சிருச்சு."

உன் அம்மா அன்று எனக்குச் சோறு கொண்டுவந்திருந்தாள். கீழே நிற்க மனமில்லாமல், வீட்டைப் பார்க்கும் ஆசையில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு மாடிக்கே வந்துவிட்டாள். விளக்கைப் பார்த்ததும் வாயில் கைவைத்தாள். "யம்மாடி! இது கல்யாண வீட்டுல வைக்கிறதுதானே?"

மிஸ் லிம் அவளைத் திரும்பிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். ஏதோ தவறாகச் சொல்லிவிட்டோம் போலிருக்கிறது என்று நான் உன் அம்மாவுக்குக் கண் காட்டினேன்.

"உனக்கு வேணுமா?" என்றார்.

"ஐயோ, எங்க வீட்டுல எங்க மிஸ் வைக்கிறது?"

"கல்யாண வீட்டுல வை. ரெண்டையும் எடுத்துட்டுப் போ. இன்னிக்கே போ. நாளைக்குன்னா வேணாம்."

ஹார்ட்வேர் கடை லோரியை இரவல் வாங்கி, பழைய மெத்தையை விரித்து, அன்று பொழுது சாய்வதற்குள் வீடு கொண்டுவந்து சேர்த்தேன். ஏதோ பணக்கார வீட்டு அலங்காரச் சாமான், பித்தளையாக இருக்கும், கனம் பார்த்தால் கல் நல்ல கல் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

புது வயர் போட்டபோது எல்லோரும் செய்வதுபோல் கைகளில் துளை போட்டு உள்ளே இழுத்திருக்கலாம். பார்க்க அதுதான் சுத்தம். ட்ரில்லை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தேன், அந்த ஆடு என்னையே பார்த்தது, மனம் வரவில்லை. பழையபடி பின்பக்கமாகவே கட்டிவிட்டேன். அதற்கு ஒரு காரணமும் இல்லை, பயம்தான்.

நீ பிறந்து சில மாதம் கழித்துப் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு எஸ்டேட் மண்டபத்தில் கல்யாணம். மண்டபம் என்றால் தகரக் கூரையும் ட்யூப் லைட்டும்தான். "அந்த ரெண்டையும் பொண்ணு மாப்ளைக்கு ரெண்டு பக்கமும் வச்சுப் பாப்போம்லா" என்றாள் உன் அம்மா. வைத்தோம். மண்டபத்து ட்யூப் லைட்டை நான் அணைத்துவிட்டு விளக்கைப் போட்டதும், பேசிக்கொண்டிருந்த கூட்டம் அப்படியே அடங்கியது. வெண்பளிங்கில் அந்த மஞ்சள் வெளிச்சம் இறங்கி மணப்பெண்ணின் கூறைப்புடவையில் பட்டது இன்னும் எனக்குக் கண்ணில் இருக்கிறது. அந்த வாரமே இரண்டு வீட்டிலிருந்து வந்து கேட்டார்கள். அப்புறம் நாற்காலி வாங்கினோம், மணவறைத் தூண் வாங்கினோம், கம்பளம் வாங்கினோம். அப்படித்தான் தொழில் ஆயிற்று. சீனர் வீட்டுக்குப் போயிருக்கிறது, மலாய்க் கம்போங்கில் கெண்டூரி விருந்துக்குப் போயிருக்கிறது. அங்கே ஒரு மக்சிக், வயதான மலாய் அம்மாள், விலங்குத் தலை மேடையில் தெரியக்கூடாது என்று எட்டு ஆட்டுக்கும் கழுத்தில் மல்லிகை சுற்றச் சொன்னார். அழகாக இருந்ததைப் பார்த்துவிட்டு அடுத்த தமிழ்க் கல்யாணத்திலும் உன் அம்மா அதையே செய்தாள்.

ஒரு விளக்கு ஏன் பழுப்பாக இருக்கிறது என்று நீ சின்னப் பிள்ளையில் கேட்பாய். வாங்கும்போதே அப்படி என்று உன் அம்மா சொல்லுவாள். அது பொய். முதல் தீபாவளிக்கு வீட்டுக் குத்துவிளக்கைத் தேய்க்கும்போது, கையோடு கையாக இதையும் தேய்த்துவிடலாம் என்று நினைத்திருக்கிறாள். புளியைக் கரைத்து ஊற்றி, சாம்பலைப் போட்டு, பாத்திரம் தேய்க்கும் கம்பியால் நன்றாக அழுத்தித் தேய்த்திருக்கிறாள். நான் வேலை முடிந்து வந்தபோது கிணற்றடியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். "தேய்க்கத் தேய்க்கப் பளபளன்னு வரும்னு பாத்தேன், உள்ளேர்ந்து வேற நெறம் வருதுங்க!" இன்னொன்றைத் தொடவில்லை, அந்த மட்டும் தப்பித்தது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரித்தேன். இரண்டு நாள் எனக்குச் சோறு போட்டாள், முகம் கொடுக்கவில்லை. பெண்டாட்டி அழும்போது சிரிப்பு வந்தால் வாசலுக்குப் போய்ச் சிரித்துவிட்டு வா, ஐயா. இது ஒன்று.

இன்னொன்று, கனமான சாமானை இரண்டு பேர் தூக்கும்போது சொல்ல வேண்டியது. அந்த விளக்கை நானும் அவளும்தான் எப்போதும் தூக்குவோம், வேறு யாரையும் தொடவிடமாட்டாள். நான் பீடத்தைப் பிடித்துக்கொள்வேன், அவள் தூணைப் பிடித்துக்கொள்வாள். ஆரம்பத்தில் எனக்குக் கை வலித்தால் நான் பாட்டுக்கு இறக்கிவிடுவேன். ஒருமுறை அப்படி இறக்கியபோது கனம் முழுவதும் அவள் பக்கம் சாய்ந்து, வலது முழங்காலில் பளிங்கு இடித்தது. அதிலிருந்து இறக்குவதற்கு முன் 'இறக்குறேன்' என்று சொல்வது என்று வைத்துக்கொண்டோம். வண்டி ஏற்றும்போது மட்டுமில்லை, வீட்டிலும் அந்த வார்த்தை வந்துவிட்டது. எனக்குக் கோபமாக இருக்கிறது என்றால் "இறக்குறேன்" என்பேன். அவளுக்குப் புரியும், நகர்ந்துகொள்வாள். நீயும் மேகலாவும் உங்களுக்கென்று ஒரு வார்த்தை வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த முழங்கால்தான் இப்போது அவளைப் படுத்துகிறது. நீ சொன்னது அதைத்தான். மேகலா முதல்முறை நம் கல்யாணச் சாமான் ஸ்டோருக்கு வந்தாள், விளக்கைப் படம் பிடித்துக்கொண்டு போனாள், அவள் வேலை செய்யும் பினாங்கு ஹோட்டலுக்குப் பழைய சாமான் கொடுக்கும் மிஸ்டர் ஓங்கிடம் காட்டினாள். அவர் அடுத்த வாரமே வந்து நின்றார். அவர் விளக்கைப் பார்த்த விதம் எனக்குப் பிடித்திருந்தது. விலையைப் பற்றிப் பேசாமல், கைக்குட்டையை விரித்துத் தரையில் முட்டி போட்டு, பீடத்துக்கு அடியில் திருகாணியைப் பார்த்தார், ஆட்டின் காதுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தார். பிரான்சில் செய்தது, நூறு வருஷத்துக்கும் ரொம்ப மேலே என்றார். அந்தக் காலத்தில் தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்துப் பூசி, நெருப்பில் காட்டிப் பாதரசத்தை ஓட்டுவார்களாம். அந்தப் புகை குடித்தே வேலைக்காரர்கள் பாதிப் பேர் செத்துப்போவார்களாம். அதைக் கேட்டு உன் அம்மா "ஐயோ பாவம்" என்று ஆட்டுத் தலையைத் தடவிக் கொடுத்தாள். துளை போடாமல் வயர் இழுத்தது யார் என்று கேட்டார் ஓங். நான்தான் என்றேன். என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்புறம் பழுப்பு விளக்கைப் பார்த்து, இதை யார் என்று கேட்டார். உன் அம்மா சமையலறைக்குப் போய்விட்டாள்.

அதற்கடுத்த ஞாயிறுதான் நீ வந்தாய். அம்மாவுக்குக் கால் முடியவில்லை, இந்த விளக்கை விற்றால் ஆபரேஷனுக்கு ஆச்சு, தொழிலையும் விட்டுவிடலாம் என்றாய். நியாயமான பேச்சு. ஆனால் எனக்கு ராத்தூக்கம் போயிருந்தது, ஐயா. மிஸ் லிம் அதை என்னவென்று தெரியாமல் கொடுத்துவிட்டார், ஏதோ ஷாக் அடிக்கிற பழைய சாமான் என்று கொடுத்துவிட்டார், அதை விற்றுத் தின்பது எப்படி என்று எனக்குள் ஒரு முள். "குடுத்தது குடுத்ததுதான்ப்பா. இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு. யாரு வந்து கேக்கப்போறா?" என்றாய். யாரும் கேட்கமாட்டார்கள் என்பதால்தான் நாமாகக் கேட்க வேண்டும் என்று நான் நினைத்தேன். அதை அப்படி அமைதியாகச் சொல்லியிருக்கலாம். "பேராசை புடிச்சவன்" என்று சொன்னேன். அம்மா காலுக்காகக் கேட்ட பிள்ளையை அப்படிச் சொன்னேன். மன்னித்துக்கொள்.

நீ போனபின் நடந்த முதல் காரியம் இதுதான். திங்கட்கிழமை கூலிம் ஹார்ட்வேர் கடைக்குப் போனேன். இப்போது கடையைப் பார்ப்பது பழைய முதலாளியின் மகன், அவனுடைய அம்மாவுக்கு மிஸ் லிம்மோடு இன்னும் தொடர்பு இருக்கிறது. புதன்கிழமை சாயங்காலம் வீடியோவில் கூப்பிடச் சொன்னார்கள். உன் அம்மா நல்ல சேலை கட்டிக்கொண்டு, எனக்கும் சட்டை மாற்றச் சொல்லி, ஸ்டோரில் இரண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். மிஸ் லிம்முக்கு எண்பதுக்கு மேல் இருக்கும். தலை பஞ்சாக வெளுத்திருந்தது. குரல் மட்டும் அதே குரல்.

"நீ வயர்மேன்தானே? குண்டாயிட்ட."

எனக்கு எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. ஒருவழியாகச் சொன்னேன். மிஸ், அந்த விளக்கு சாதாரண விளக்கு இல்லை, பிரான்சு விளக்கு, பெரிய விலை போகும் என்கிறார்கள், நீங்கள் தெரியாமல் கொடுத்துவிட்டீர்கள், என்ன செய்யச் சொன்னாலும் செய்கிறேன், அனுப்பச் சொன்னாலும் அனுப்புகிறேன் என்றேன். அவர் சிரிக்க ஆரம்பித்தார். இருமல் வரும்வரை சிரித்தார்.

"எனக்குத் தெரியாதா? எங்கப்பா தெனம் சொல்வாரு. ஃப்ரான்சு விளக்கு, ஃப்ரான்சு விளக்குன்னு. பினாங்குல ஒரு வெள்ளக்காரன் ஊருக்குப் போறப்ப அவன்கிட்ட வாங்குனது. எதுக்கு வாங்குனாரு தெரியுமா? என் கல்யாணத்துக்கு."

உன் அம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாப்ள பெரிய எடம். கல்யாணம் ஆனா ஸ்கூலுக்குப் போகக்கூடாதுன்னாங்க. நான் மாட்டேன்னுட்டேன். பத்திரிகையெல்லாம் அடிச்சாச்சு, அப்பறம் மாட்டேன்னுட்டேன். எங்கப்பா அந்த வெளக்கு மேல துணியப் போட்டு மூடுனாரு. சாகுற வரைக்கும் எடுக்கல. என்கிட்ட பேசுறதும் நின்னு போச்சு. ஒரே வீடு, ஒரே மேச, சோறு திம்போம், பேச்சு இல்ல. நான் அந்த ரூமுக்குப் போனா அந்தத் துணி என்னப் பாக்கும். ஒன் பொண்டாட்டி வயித்தத் தூக்கிட்டு வந்து, இது கல்யாண வீட்டுல வைக்கிறதுதானேன்னு கேட்டா பாரு. நான் சொன்னேன், சரி, போகட்டும், போய் எதாச்சும் ஒரு கல்யாணத்தப் பாக்கட்டும்."

பிறகு அவரே கேட்டார், "பாத்துச்சா?"

"எத்தனன்னு கணக்கே இல்ல மிஸ்" என்றாள் உன் அம்மா. "லூனாஸ் பூரா. செர்டாங் வரைக்கும் போயிருக்கு. ஜித்ராவுக்குக்கூட ஒரு தடவ போச்சு. மலாய்க் கல்யாணம், சீனக் கல்யாணம், கோயில் கல்யாணம், சர்ச் கல்யாணம். ரெண்டாந் தலமொற வந்திருச்சு மிஸ். இது பக்கத்துல ஒக்காந்த பொண்ணோட பொண்ணுக்குப் போன வருசம் வச்சோம்."

விளக்கைப் போட்டுக் காட்டச் சொன்னார். நான் ஸ்விட்சைப் போட்டேன். போனைப் பிடித்துக்கொண்டு உன் அம்மா கீழிருந்து மேலாக மெதுவாகக் காட்டினாள். திரைக்கு அந்தப் பக்கம் மிஸ் லிம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "நான் இது எரிஞ்சு பாத்ததே இல்ல" என்றார். அப்புறம், வாத்தியார் அல்லவா, கண்ணில் பட்டுவிட்டது. "இன்னொண்ணு ஏன் கறுத்துப் போச்சு?"

உன் அம்மா என்னைப் பார்த்தாள். இந்த வாழ்நாளில் உன்னிடம் ஒப்புக்கொள்ளாதவள், ஓங்கிடம் ஒப்புக்கொள்ளாதவள், போனை நேராகப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "நான்தான் மிஸ். புளி போட்டுத் தேச்சுட்டேன்."

"புளியா?"

"புளி. சாம்பல். அப்பறம் கம்பி."

அந்த அம்மாள் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து யாரோ ஓடிவந்து என்ன ஆச்சு என்று கேட்டார்கள். உன் அம்மாவும் சிரித்தாள். கிணற்றடியில் அழுததற்கெல்லாம் சேர்த்துச் சிரித்தாள். நான் வாசலுக்குப் போகவில்லை, இந்தத் தடவை கூடவே சிரித்தேன்.

போனை வைப்பதற்கு முன் மிஸ் லிம் கேட்டார், "அன்னிக்கு வயித்துல இருந்த புள்ள எங்க? கூப்பிடு, பாக்கிறேன்." கூலிமில் வேலை, வரவில்லை என்றேன். "கூலிம்னா பக்கந்தானே. ஏன் வரல?" எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. விளக்கு விஷயத்தில் ஒரு சண்டை என்றேன். அவர் முகத்தில் சிரிப்பு நின்றுபோனது. "இந்த வெளக்குக்கா? நீயும் துணியப் போட்டு மூடப் போறியா? அவனக் கூப்பிட்டுப் பேசு" என்றார். விற்பதானால் வில், வைப்பதானால் வை, எனக்குக் கடைசியாக ஒரு கல்யாணத்தில் எரிவதைப் படம் எடுத்து அனுப்பு, அது போதும் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

என் முள் அன்றே போய்விட்டது. தெரிந்துதான் கொடுத்திருக்கிறார், நம்முடையதுதான். அந்தச் சந்தோஷத்தில் நான் உன் அம்மாவிடம் சொன்னேன், "அப்ப இது நம்மகிட்டயே இருக்கட்டும். இவ்வளவு கதை இருக்கிற பொருள யாரு விப்பா? தம்பி கல்யாணத்துக்கே வைப்போம். அந்த சுங்கைப் பட்டாணிக்காரன்கிட்ட நான் பேசுறேன்."

இங்கேதான் இரண்டாவது காரியம். உன் அம்மா விளக்கை அணைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள்.

"விக்கலாங்க" என்றாள்.

எனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தேன். அவளுக்கு அந்த விளக்கு உயிர் என்றுதான் நான் இத்தனை வருஷமாக நினைத்திருந்தேன். வேறு யாரையும் தொடவிடமாட்டாளே. "இது ஒனக்கு உசிராச்சே" என்றேன்.

"உசிருமில்ல ஒண்ணுமில்ல. பயம். மொத நாள்லேர்ந்து பயம். எவ்வளவு கனம்! எந்தப் புள்ள ஓடிவந்து இழுக்குமோ, எந்த மாமா குடிச்சிட்டு வந்து சாய்வாரோ. புளி போட்டதுக்கப்பறம் இன்னும் பயம். எத்தன கல்யாணம் பாத்தேன்னு மிஸ்கிட்ட சொன்னேன். நான் எங்கங்க பாத்தேன்? தாலி கட்டுற நேரம் எல்லாரும் பொண்ணு மொகத்தப் பாப்பாங்க. நான் மேட ஓரத்துல நின்னுக்கிட்டு வெளக்கப் பாத்துக்கிட்டு இருப்பேன். ஒரு பொண்ணு மொகத்தக்கூட முழுசாப் பாத்தது கெடையாது."

"அப்ப அன்னிக்குத் தம்பி சொல்றப்ப ஏன் நீ வாயத் தொறக்கல?"

"எங்க விட்டீங்க? நீங்க எனக்காகக் கத்துனீங்க, அவன் எனக்காகக் கத்துனான். ரெண்டு பேரும் என்னக் கேக்கவே இல்ல." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள், "மேடைய வேற ஆளுக்குக் குடுத்துட்டேன்னு தம்பி சொன்னப்ப எனக்கு நெஞ்சு எவ்வளவு லேசாச்சு தெரியுமா? சொந்தப் புள்ள கல்யாணத்துலயாவது முன்னாடி ஒக்காரலாம்னு நெனச்சேன். அதுக்குள்ள நீங்க கத்துனதுல அவன் தட்ட வச்சுட்டுப் போயிட்டான்."

ஐயா, நான் அவளோடு பளிங்கு தூக்கினேன், ஒரே லோரியில் போனேன், ஒரே பாயில் படுத்தேன். அவள் மனதில் இது இருப்பது எனக்குத் தெரியாது. தெரிந்தமாதிரியே நடந்துகொண்டிருக்கிறேன், அதுதான் கூத்து. மேகலா பேசாமல் இருந்தால் அவளுக்குச் சம்மதம் என்றும் எடுத்துக்கொள்ளாதே, வருத்தம் என்றும் எடுத்துக்கொள்ளாதே. கேள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இரு. எனக்கு வந்த புத்தி இவ்வளவு நாள் எடுத்தது, உனக்குச் சீக்கிரம் வரட்டும்.

உடனே விற்றுவிடவில்லை. செர்டாங்கில் ஒரு கல்யாணத்துக்கு வாக்குக் கொடுத்திருந்தாள், விளக்கைப் பார்த்துத்தான் அவர்கள் புக்கிங் செய்தார்கள், அதை முடிக்காமல் தரமுடியாது என்று ஓங்கிடம் சொல்லிவிட்டாள். போன ஞாயிறு அது முடிந்தது. செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய சின்ன மண்டபம். மணப்பெண்ணுக்கு அப்பா இல்லை, அண்ணன்தான் எல்லாம் செய்தான். நான் உன் அம்மாவை முன் வரிசையில் உட்காரச் சொன்னேன். மாட்டேன் என்றாள். "இது இன்னும் நம்ம பொறுப்பு" என்று ஓரத்தில் நின்றுகொண்டாள். மிஸ் லிம்முக்கு நான் படம் எடுத்து அனுப்பினேன். மேளச் சத்தமும் சேர்த்து அனுப்பினேன். பதிலுக்கு ஒரு வரி வந்தது. பெண்ணின் பெயர் என்ன என்று கேட்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை ஓங் வேன் கொண்டுவந்தார். ஆள் இரண்டு பேரைக் கூட்டிவந்திருந்தார். ஆனால் வாசல்வரை நாங்கள்தான் தூக்கினோம். பழுப்பு விளக்குக்குத் திரும்பப் பொன் முலாம் பூசுவார்களா என்று உன் அம்மா கேட்டாள். வாங்குகிறவர் விருப்பம், என்னைக் கேட்டால் அப்படியே விடச் சொல்வேன் என்றார். எப்படியானாலும் இரண்டையும் பிரிக்காமல் ஒருவருக்கே கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டாள். சரி என்று தலையாட்டினார். நல்ல மனிதர், செய்வார் என்று நினைக்கிறேன். வேன் போனபின் நான் கொஞ்ச நேரம் ஸ்டோரில் நின்றேன். விளக்கு நின்ற இடத்தைப் பெருக்கினேன். அவள் உள்ளே போய் உன் கல்யாணத்துக்கு எந்தச் சேலை கட்டுவது என்று கட்டில் மேல் எல்லாவற்றையும் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் கால் ஆபரேஷனுக்கு நாள் கேட்டிருக்கிறது, உன் கல்யாணம் முடிந்து வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள். நீ சொன்னதுதான் கடைசியில் நடக்கிறது. நீ சரியாகத்தான் சொன்னாய் என்று எழுதிவிட வேண்டும் என்பதற்காகவும் இதை எழுதுகிறேன்.

ஆக, சுங்கைப் பட்டாணிக்காரரே மேடையைப் போடட்டும். நன்றாகப் போடட்டும், நான் வாய் திறக்கமாட்டேன். அவரிடம் எனக்காக ஒன்று மட்டும் சொல். முன் வரிசையில் இரண்டு நாற்காலி வேண்டும், பூந்தொட்டி எதையும் எதிரே வைக்க வேண்டாம், உன் அம்மாவுக்கு மேகலாவின் முகம் தெரிய வேண்டும். சடங்குக்குக் கூப்பிடும்போது மேடைக்கு வருவோம், முடிந்ததும் இறங்கிவந்து உட்கார்ந்துகொள்வோம். ஒருவேளை முகூர்த்த நேரத்தில் கரண்ட் போய்விட்டால், பழக்க தோஷத்தில் எல்லோரும் என்னைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். நீ பார்க்காதே, ஐயா. வேறு வயர்மேனைக் கூப்பிடு. நான் உன் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

இந்த ஞாயிறு சோற்றுக்கு வா. மேகலாவையும் கூட்டிக்கொண்டு வா.

உன் அப்பா